மிகையேற்றம்: மின்னழுத்தம் கூடுவதல்ல

'மிகை மின்னழுத்தத்தால் மின்கலம் சூடாகும்.' திரும்பத் திரும்ப ஏற்றிப் பயன்படுத்தும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிகளுக்கான தமிழ்க் குறிப்புகளில் இந்த வரியை எத்தனை முறைதான் படிப்பது? ஓவர்சார்ஜ் என்பதைத்தான் இப்படிப் பெயர்த்திருக்கிறார்கள். அதற்குச் சரியான தமிழ் மிகையேற்றம். விரித்துச் சொன்னால் மிகை மின்னேற்றம்.

சார்ஜ் என்ற சொல்லுக்கு வேர், வண்டியைக் குறிக்கும் 'கார்ருஸ்' என்ற லத்தீன் சொல். வண்டியில் பாரம் ஏற்றுவதே முதற்பொருள். கப்பல் சரக்கைச் சொல்லும் கார்கோவும் அதே குடும்பம். தமிழில் ஏறு என்பதன் பிறவினை ஏற்று. பாரம் ஏற்றுகிறோம், சரக்கு ஏற்றுகிறோம், மின்னும் ஏற்றலாம். இவ்வளவு பொருத்தமாக ஒரு வினை கையில் இருக்கும்போது வேறெதைத் தேட வேண்டும்?

மின்னழுத்தம் என்று எழுதுவது ஏன் பெருந்தவறு என்றால், இந்த வகைக் கலத்தில் நடப்பது ஏறக்குறைய அதற்கு நேர்மாறு. 1.2 வோல்ட் கலம் ஏறும்போது மின்னழுத்தம் 1.4 வோல்ட்டுக்கு மேல் போகும். கலம் நிரம்பியதும் அது உச்சம் தொட்டுச் சில மில்லி வோல்ட் கீழே இறங்கும். நல்ல சார்ஜர் அந்தச் சரிவைக் கண்டுதான் நிறுத்துகிறது. அப்போதும் நிறுத்தாமல் மின்னோட்டத்தைச் செலுத்தினால், சேமிக்க இடமில்லாத ஆற்றல் நேர்மின்முனையில் ஆக்சிஜனை உண்டாக்குகிறது. அந்த ஆக்சிஜன் எதிர்மின்முனைக்குப் போய் ஹைட்ரஜனோடு சேர்ந்து மறுபடி நீராகிறது. செலுத்திய ஆற்றல் முழுக்க வெப்பமாகிவிடுகிறது. மின்னோட்டம் மிக அதிகமானால் உள்ளே வாயு அழுத்தம் கூடி, பாதுகாப்புத் துளை திறந்து, உள்ளிருக்கும் கரைசலான மின்பகுளி வெளியேறும். அதனால் கலம் இழந்த கொள்ளளவு திரும்பாது.

ஆக, சூட்டுக்குக் காரணம் நிரம்பிய பிறகும் ஏற்றுவது. 'மிகை மின்னழுத்தம்' என்று படித்தவர் என்ன செய்வார்? வீட்டு மின்சாரத்தைச் சந்தேகிப்பார், ஸ்டெபிலைசர் வாங்குவார். பழுது சார்ஜரில் இருக்கிறது. நேரக்கணக்கில் மட்டும் நிற்கும் சார்ஜரில் பாதி தீர்ந்த கலத்தைப் போட்டாலும் அது முழு நேரமும் ஏற்றும். இரண்டு கலங்களைத் தொடராக வைத்து ஏற்றுபவற்றில் முன்னதாக நிரம்பியது, மற்றது நிரம்பும்வரை வெந்துகொண்டிருக்கும். மிகையேற்றம் என்ற சொல் இந்தக் காரணத்தை நேராகச் சுட்டுகிறது. தவறான தமிழ்ச்சொல்லைவிட ஓவர்சார்ஜ் என்றே எழுதிவிடலாம். அதிலாவது பொருள் கெடாது. தூய தமிழ் வேண்டும் என்பவன்தான் நானும். ஆனால் தமிழாக இருப்பது மட்டும் ஒரு கலைச்சொல்லுக்குப் போதாது.

'மிகை மின்னூட்டம்' என்போரும் உண்டு. ஊட்டு என்பது உண் என்பதன் பிறவினை, அழகான சொல்தான். ஆனால் இயற்பியலில் எலக்ட்ரானுக்கும் புரோட்டானுக்கும் உள்ள பண்பை மின்னூட்டம் என்று படித்து வந்திருக்கிறோம். பேட்டரியில் ஆற்றல் வேதிமாற்றமாகத்தான் சேர்கிறது. நிரம்பிய கலமும் மொத்தத்தில் நடுநிலையானதே. ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால், ஏற்றிய பேட்டரிக்குள் எலக்ட்ரான்கள் கூடுதலாக வந்து அடைந்திருக்கின்றன என்று மாணவர் நினைப்பதில் வியப்பென்ன? பண்புக்கு மின்னூட்டம், செயலுக்கு மின்னேற்றம், கருவிக்கு மின்னேற்றி என்று பிரித்துக்கொள்வதே தெளிவு.

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைப் பார்க்கிறார்கள், பொருளைப் பார்ப்பதில்லை. ட்ரிக்கிள் சார்ஜ் என்பதைக் 'கசிவு மின்னூட்டம்' ஆக்குவதும் இப்படித்தான். படிப்பவர் பேட்டரி கசிகிறது என்று தூக்கி எறிவார். சொட்டு நீர்ப் பாசனம் என்று வழங்கும் மொழியில் அது சொட்டேற்றம். நிரம்பிய கலத்துக்குள் விடாமல் செல்லும் சிறு மின்னோட்டம் அது. மாதக்கணக்கில் விட்டுவைத்தால் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடுக்கு அதுவும் மிகையேற்றமே.