சார்ஜ்னா கட்டணம் இல்லீங்க, மின்னூட்டம்

அக்கா பையன் எட்டாவது படிக்கிறான். போன வாரம் அவன் சயின்ஸ் நோட்டை எதேச்சையா புரட்டுனா, "எலெக்ட்ரான் எதிர்மறை கட்டணம் கொண்டது"ன்னு அடிக்கோடு போட்டு எழுதி வச்சிருக்கான். ஏதோ ஒரு வீடியோவுல கீழ ஓடுன தமிழ் வரியைப் பாத்து எழுதுனதாம். இந்தக் கட்டணம் ரொம்ப நாளாவே கண்ணுல பட்டுக்கிட்டு தான் இருக்கு, மெஷின் மொழிபெயர்த்துக் குடுத்ததை ஒருத்தரும் படிச்சுப் பாக்காம அப்படியே ஏத்தி விட்டுடறாங்க. கட்டணம்னா பஸ்ஸுக்குக் குடுக்கறது, ஸ்கூலுக்குக் கட்டறது. எலெக்ட்ரானுக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்?

சார்ஜ்ங்கிற சொல்லுக்கு அடி லத்தீன்ல வண்டியைக் குறிக்கிற கார்ரஸ். வண்டியில பாரம் ஏத்தறதுன்னு பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்துச்சு, ஒருத்தர் தலையில ஏத்துற செலவுன்னு விரிஞ்சு தான் கட்டணம்ங்கிற பொருளும் வந்துச்சு. 1740கள்ல அமெரிக்க விஞ்ஞானி பெஞ்சமின் பிராங்க்ளின் மின்சாரத்துக்கு எடுத்துக்கிட்டது அந்தப் பழைய "ஏத்துற" பொருளை.

அப்ப சுமைன்னே வச்சுக்கலாமேன்னு "மின்சுமை" போடறவங்க இருக்காங்க. வேரைப் பிடிச்சு வச்ச பேரு தான், ஆனா எனக்கு ஒப்பல. முதல்ல, வயரிங் வேலை பாக்கறவங்க லோடுன்னு சொல்றாங்களே, ஏசி ஹீட்டர் எல்லாம் ஒண்ணா போட்டா கூடுற லோடு, அதுக்கு ஏற்கெனவே மின்சுமைன்னு புழக்கத்துல இருக்கு, ஒரே துறையில ரெண்டு விஷயத்துக்கு ஒரே சொல்லுன்னா படிக்கற புள்ள எங்க போய் முட்டிக்கும்? ரெண்டாவது இதைவிட முக்கியம். சுமையோட சுமை சேந்தா கூடத்தான் செய்யும், ரெண்டு மூட்டை சேந்து எடையில்லாம போகுமா? சார்ஜ் அப்படி இல்ல, நேரும் (பாசிட்டிவ்) எதிரும் (நெகட்டிவ்) சம அளவுல சேந்தா சுழியம். அணு முழுக்க அது இருந்தும் நாம தொடுற மேசை நம்மளை ஷாக் அடிக்காததுக்குக் காரணமே அப்படி ஒண்ணையொண்ணு சரிக்கட்டிக்கறது தான். பொருளோட மெயினான குணத்தையே மறைக்கிற சொல்லை எதுக்கு வச்சுக்கணும்?

மின்னூட்டத்துக்கும் ஒரு ஆட்சேபம் வரும், எலெக்ட்ரானுக்கு யாரும் ஊட்டி விடலியே, அது பிறவிக் குணமாச்சேன்னு. நியாயம் தான். ஆனா இங்கிலீஷ்லயும் செயலுக்கு வந்த சொல் தான் பின்னாடி குணத்துக்கும் ஆச்சு. தமிழ்ல செயலுக்கு ஊட்டுதல், குணத்துக்கு ஊட்டம், போன்ல சொருகறதுக்கு மின்னூட்டின்னு ஒரு குடும்பமே பிரிஞ்சு வருது. இலங்கைப் பாடப்புத்தகத்துல மின்னேற்றம்னு இருக்கும், அதுவும் நல்ல சொல், எனக்கு அதோட சண்டை இல்ல.

சண்டை பாசிட்டிவ், நெகட்டிவுக்குப் போடற நேர்மறை, எதிர்மறையோட. இலக்கணத்துல எதிர்மறைன்னா மறுக்கிறது, வாரான், செய்யான் மாதிரி. அதுக்கு எதிர் உடன்பாடு. மறைன்னாலே மறுப்பா இருக்கும்போது "நேர்மறை"ன்னா என்ன அர்த்தம்? நேர், எதிர்னு ரெண்டே சொல்லுல முடியறதை நீட்டி முழக்கி, அதைக் கேட்டுப் புள்ளைங்க எதிர் மின்னூட்டம்னா ஏதோ குறைன்னு நினைக்குது. உண்மையில அங்க எலெக்ட்ரான் கூடுதலா இருக்கு! தேய்ச்ச கண்ணாடியில சேர்றது கூட்டல்னு பிராங்க்ளின் வச்சது ஒரு ஊகம், 1897ல ஜே.ஜே. தாம்சன்ங்கிற விஞ்ஞானி எலெக்ட்ரானைக் கண்டுபிடிச்சப்ப அது எதிர்ப் பக்கம் விழுந்துடுச்சு, அவ்ளோதான்.

ஸ்டாட்டிக் எலெக்ட்ரிசிட்டியை "நிலையான மின்சாரம்"னு எழுதறது இன்னொண்ணு. அதைப் படிச்சா கட் ஆகாத கரன்ட்னு தான் தோணும். சொல்ல வந்தது ஓடாம ஒரு இடத்துல தேங்கி நிக்கிற மின்னூட்டம், அதுக்கு நிலைமின்னு அழகா சொல் இருக்கு. கிரேக்கத்துல அம்பரை, அதாவது கல்லா இறுகிப் போன மரப்பிசினைத் தேய்ச்சாங்க, அதனால அம்பரோட கிரேக்கப் பேரான எலெக்ட்ரான் தான் எலெக்ட்ரிசிட்டி ஆச்சு. நாம மின்ங்கிற சொல்லை வானத்துல வெட்டுற மின்னல்ல இருந்து எடுத்தோம், அதுவே மேகத்துல பிரிஞ்சு நிக்கிற மின்னூட்டம் பாய்றது தானே. இவ்வளவு பொருத்தமான வேர்ச்சொல்லைக் கையில வச்சுக்கிட்டு கட்டணம்னு எழுதுறோமேன்னு வயிறு எரியுது.

அவனை உக்கார வச்சு, எண்ணெய் வைக்காத தலையில பிளாஸ்டிக் சீப்பை இருபது தடவை வாரச் சொன்னேன். கிழிச்சுப் போட்ட பேப்பர் துணுக்கு துள்ளி வந்து ஒட்டுச்சு. முடியில இருந்து எலெக்ட்ரான் சீப்புக்கு வந்துடுச்சு, மின்னூட்டத்தை அளக்கற அலகு கூலும், அந்த ஒரு கூலும்ல நூறு கோடியில ஒரு பங்கு ஏறியிருந்தாலே சுமார் 624 கோடி எலெக்ட்ரான்னு சொன்னேன். காத்து ஈரமா இருந்ததால கொஞ்ச நேரத்துல துணுக்கெல்லாம் உதிந்துடுச்சு. அவனே நோட்டை எடுத்து கட்டணத்தை அடிச்சான். மின்னூட்டத்துக்கு ரெண்டு சுழியா மூணு சுழியான்னு மட்டும் கேட்டான். ரெண்டு சுழின்னேன்.