கடைசல் இருக்க, ‘மரத் திருப்பம்’ எதற்கு?

மரத்தைச் சுழலவிட்டு உளியால் சீவி உருவாக்கும் லேத் ஒன்றை வீட்டிலேயே அமைத்து, மரத்தில் பூவேலை செய்ய விரும்புவோருக்கான செய்முறைக் குறிப்பின் தமிழாக்கம் ஒன்று அண்மையில் பிழைதிருத்தத்துக்காக என்னிடம் வந்தது. தலைப்பு, ‘அலங்கார மரத் திருப்பத்திற்கான சுழல் இயந்திரம்’. உள்ளே, ‘மரத்தைப் பொருத்திய பின் மெதுவாகத் திருப்பவும்’ என்றொரு வரி. லேத்தில் மரத்தைச் சீவி உருவாக்குவதை ஆங்கிலத்தில் ‘டர்னிங்’ என்பார்கள்; அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் வந்த ‘திருப்பம்’ இது. இதைப் படிப்பவர் தோசையைப் புரட்டுவது போல மரத்தைப் புரட்டி வைப்பாரே தவிர, உளியைக் கையில் எடுக்க மாட்டார். இந்தத் ‘திருப்பத்தை’ நான் சந்திப்பது இது முதல்முறையாக இருந்தால் சிவப்பு மையோடு விட்டிருப்பேன்.

லேத்துக்குத் தமிழில் கடைசல் இயந்திரம் என்று பெயர். வினை, கடைதல். விளை என்பதிலிருந்து விளைச்சலும் அலை என்பதிலிருந்து அலைச்சலும் வந்தது போலக் கடை என்பதிலிருந்து கடைச்சல் வந்தது. பேச்சில் ஒற்று நழுவிக் கடைசல் ஆயிற்று. கட்டில் காலுக்கும் ஊஞ்சல் சட்டத்துக்கும் ‘கடைசல் பிடிப்பது’ என்பது தச்சர் வழக்கு. அம்பாசமுத்திரத்து மரச்சொப்புகள் கடைசல் வேலைதான். தொழிற்பயிற்சி நிலையங்களில் டர்னர் பிரிவுக்குக் கடைசலர் என்ற பெயரே வழங்குகிறது. ‘கடைந்தெடுத்த முட்டாள்’ என்று ஒருவரைத் திட்டும்போதுகூட நாம் இந்த வினையைத்தான் கையாள்கிறோம்.

தயிரைக் கடைவதற்கும் மரத்தைக் கடைவதற்கும் ஒரே சொல் அமைந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. தூணோடு பிணைத்த மத்தில் கயிற்றைச் சுற்றி, இரு முனைகளையும் மாறி மாறி இழுத்தால் மத்து ஒருமுறை வலமாகவும் மறுமுறை இடமாகவும் சுழலும். மின்சாரமும் மிதிசக்கரமும் வருவதற்கு முன்பிருந்த கடைசல் கருவியும் இப்படித்தான் இயங்கியது: இரு முனைகளுக்கு இடையே பிடித்த மரத்தில் கயிற்றையோ வில்லின் நாணையோ சுற்றி இழுப்பார்கள், மரம் முன்னும் பின்னும் சுழலும், ஒரு திசையில் சுழலும்போது மட்டும் உளி சீவும். தீக்கடைகோலிலும் இதே அசைவுதான். ஆக, கடைதல் என்பது வெறும் சுழற்சியைச் சொல்வதன்று. சுழற்றி அதிலிருந்து ஒன்றை வெளிக்கொணர்வதைச் சொல்வது. தயிரிலிருந்து வெண்ணெய், கட்டையிலிருந்து நெருப்பு, மரத்துண்டிலிருந்து பம்பரம்.

‘சுழல் இயந்திரம்’ தோற்பது இங்கேதான். சுழலாத இயந்திரம் எது? மாவரைக்கும் கிரைண்டரும் மின்விசிறியும் துளையிடும் கருவியும் சுழல்கின்றன. டர்பைனுக்குச் சுழலி என்ற பெயரைச் சிலர் முன்பே கொடுத்துவிட்டார்கள். பொருளின் அசைவை மட்டும் பார்த்து, அது செய்யும் தொழிலைப் பார்க்காமல் பெயர் வைத்தால், பத்துக் கருவிகள் ஒரே பெயருக்கு வரிசையில் நிற்கும்.

அதிலும் அந்தக் குறிப்பு பேசும் கருவி சாதாரண லேத் அன்று; ஆங்கிலத்தில் ரோஸ் எஞ்சின் எனப்படுவது. ஐரோப்பிய அரண்மனைகளில் இது பெருமக்களின் பொழுதுபோக்காக இருந்தது. ருசியப் பேரரசர் முதலாம் பீட்டரே கடைசலில் மோகம் கொண்டவர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனில் தொடங்கிய ஹோல்ட்சாப்ஃபெல் நிறுவனத்தின் பூவேலைக் கடைசல் இயந்திரங்கள் அந்நாளில் செல்வர்களுக்கே எட்டின. இப்போது அமெரிக்கப் பொழுதுபோக்காளர்கள் மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப் பலகையை அறுத்து வீட்டுக் கொட்டகையிலேயே அதைச் செய்துகொள்கிறார்கள்.

அதன் இயக்கத்தைக் கவனித்தால் வேடிக்கை புரியும். மரத்தைத் தாங்கும் அச்சில், விளிம்பு அலை அலையாக வெட்டப்பட்ட வட்டு ஒன்று செருகப்பட்டிருக்கும். அந்த விளிம்பை நகராத முளை ஒன்றின்மேல் சுருள்வில்லோ ரப்பர் பட்டையோ அழுத்திப் பிடிக்கும். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, வட்டின் மேடு பள்ளங்களுக்கேற்ப அச்சைத் தாங்கும் தலைப்பகுதி முழுவதும் ஊஞ்சல் போல ஆடும். வட்டில் பன்னிரண்டு அலைகள் இருந்தால் மரத்திலும் பன்னிரண்டு இதழ்கள் விழும். மரம் ஆமை வேகத்தில்தான் நகர்கிறது. வேகமாகச் சுழல்வது எதிரே நிற்கும் சிறு வெட்டுமுனை. அப்படியானால் ‘சுழல்’ என்ற அடைமொழி மரத்துக்கா, வெட்டுமுனைக்கா? கடைசல் என்றால் இந்தக் கேள்வியே எழாது.

அதே குறிப்பு ரோஸ் எஞ்சினை ‘ரோஜா இயந்திரம்’ ஆக்கியிருந்தது. பூக்கடைக்காரர் வாங்குவார் போலும். ரோசெட் எனப்படும் அந்த அலைவிளிம்பு வட்டினால் வந்த பெயர் அது. வட்டை நெளிவட்டு என்றும், இயந்திரத்தை நெளிவட்டுக் கடைசல் என்றும் சொன்னால் பார்த்தவுடன் பொருள் விளங்கும். இத்தொழில் முழுவதற்கும் பூவேலைக் கடைசல் என்பது போதும். ‘அலங்கார’ என்ற சொல்மேல் எனக்குப் பகையில்லை, ஆனால் தச்சர் வாயில் பூவேலை இருக்கும்போது மேடையிலிருந்து ஒரு சொல்லை இறக்க வேண்டியதில்லை. கிண்ணத்தின் உட்புறத்தைத் தோண்டும் வேலைக்கும் ‘உள் திருப்பம்’ வேண்டாம், குடைதல் இருக்கிறது. வெளியே கடைவது, உள்ளே குடைவது.

தூய்மைவாதம் பேசுவதாக நினைக்க வேண்டாம். கோயம்புத்தூரில் லேத் பட்டறை என்று எல்லாரும் சொல்கிறார்கள். அது எனக்கு உறுத்தவில்லை. லேத் என்றால் எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் ஒரே பொருள் மனத்தில் தோன்றும். உறுத்துவது, ஆங்கில அகராதியின் முதல் பொருளைப் பிய்த்தெடுத்து ஒட்டிவிட்டு, பட்டறை வாசலை ஒருநாளும் மிதிக்காத மொழிபெயர்ப்பு. அதற்கு லேத்தே மேல்.

அந்த வரியை, ‘கைப்பிடியை மெதுவாகச் சுற்றிக் கடையவும்’ என்று திருத்தி அனுப்பினேன். ‘கடையவும் என்றால் கீரை மசியல் குறிப்புப் போல இருக்கிறதே, ஐயா’ என்று மொழிபெயர்ப்பாளர் எழுதியிருந்தார். அவர் வீட்டில் கீரை கடையும் மர மத்து இருந்தால், அதன் பிடியில் ஓடும் வளையக் கோடுகளைத் தடவிப் பார்க்கும்படி பதில் எழுதினேன். அந்த மத்தும் கடைசலில் கடைந்ததுதான்.