ஸ்டியரிங்குக்குத் தமிழ் திசைமாற்றி அல்ல, சுக்கான்

கார் உதிரிபாகம் செய்யும் நிறுவனங்களின் ஆண்டுக் கணக்கைப் பற்றித் தமிழில் வரும் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் மூன்று சொற்கள் கண்ணில் குத்துகின்றன: திசைமாற்றி, ஆற்றல் திசைமாற்றி, கம்பிவழித் திசைமாற்றி. ஸ்டியரிங், பவர் ஸ்டியரிங், ஸ்டியர் பை வயர் என்ற மூன்றுக்கும் இவற்றைத்தான் தமிழாக எழுதுகிறார்கள். ஒரு முறை, இரு முறை என்றால் விட்டுவிடலாம். இப்போது எங்கே திரும்பினாலும் இதே சொல். இது பிழையான சொல் என்பதே என் வாதம்.

மன்னார்குடியிலோ பட்டுக்கோட்டையிலோ லாரிப் பட்டறையில் இந்தச் சொல் யாருக்கும் புரியாது என்பது என் முதல் குறை அல்ல. புரியாத சொல் பழகப் பழகப் புரிந்துவிடும். பேருந்து என்ற சொல்லும் ஒரு காலத்தில் புதிதாகத்தான் வந்தது, இன்று யாரும் தயங்குவதில்லை. திசைமாற்றி பழகினாலும் சரியாகாது. அது அந்தக் கருவியின் வேலையையே தப்பாகச் சொல்கிறது.

முதலில் மூலச் சொல். ஆங்கிலத்தின் ‘ஸ்டியர்’ என்ற வினை பழைய ஆங்கிலத்தில் கப்பலின் பின்புறத் துடுப்பைக் குறித்த சொல்லோடு உறவுடையது. கப்பலின் வலப்பக்கத்தை இன்றும் ‘ஸ்டார்போர்டு’ என்கிறார்களே, அது அந்தத் துடுப்பு இருந்த பக்கம் என்பதால் வந்த பெயர். கிரேக்கத்தில் கப்பல் செலுத்துவதைக் குறித்த வினை லத்தீன் வழியாக வந்துதான் ‘கவர்ன்மென்ட்’ ஆனது. ஆக, இந்தக் குடும்பம் முழுக்கக் கடலில் பிறந்தது. போக வேண்டிய வழியிலேயே கலத்தைப் பிடித்து வைத்திருப்பதே இதன் அடிப்படைப் பொருள். திருப்புவது அதில் ஒரு பகுதி மட்டுமே.

இதை நம்மூர்ச் சாலையில் வைத்துப் பார்க்கலாம். தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினத்துக்கு நெல் மூட்டை ஏற்றிப் போகும் லாரியில் டிரைவரின் கை என்ன செய்கிறது? பெரும்பாலான நேரம் வண்டியை நேராக வைத்திருக்கிறது. சாலை ஒரு பக்கம் சரிந்திருக்கும், காற்று தள்ளும், டயரில் ஒன்றில் காற்று குறைந்திருக்கும், வண்டி இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த இழுப்புக்கு எதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கை கொடுத்துக்கொண்டே போவதுதான் வேலை. திருப்பம் எப்போதாவது வரும். திருப்பம் முடிந்ததும் முன்சக்கரங்கள் தாமாக நேருக்கு வர வேண்டும் என்பதற்காகவே சக்கரம் திரும்பும் அச்சைச் சற்றுப் பின்புறமாகச் சாய்த்து வைக்கிறார்கள். அந்தச் சாய்வுக்கு ‘காஸ்டர்’ என்று பெயர். நேராக நிற்பதற்காக இவ்வளவு ஏற்பாடு உள்ள ஒரு கருவிக்குத் ‘திசையை மாற்றுவது’ என்று பெயர் வைத்தால் அதன் பாதி வேலை, அதுவும் பெரிய பாதி, பெயருக்கு வெளியே நின்றுவிடுகிறது.

ஓட்டுகிறவர்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். “லெஃப்டுல ஒடி, இன்னும் ஒடி, ஃபுல்லா ஒடி, சரி, இப்ப நேரா புடி.” வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கிளீனர் போடும் சத்தம் இது. திருப்புவதற்கு ஒடி, வழியிலேயே வைத்திருப்பதற்குப் பிடி. வேலையின் பெயர் எது? “இருபது வருஷமா ஸ்டேரிங் புடிக்கிறவன்” என்பார்கள். ‘ஸ்டேரிங் ஒடிக்கிறவன்’ என்று ஒருவரும் சொன்னதில்லை. பட்டறையில் மேஸ்திரி வண்டிக்குள் எட்டிப் பார்த்து, ஸ்டியரிங் வளையத்தை இரண்டு விரலால் இப்படியும் அப்படியும் அசைப்பார். ஒருவர் கீழே குனிந்து சக்கரத்தைப் பார்ப்பார். வளையம் இரண்டு அங்குலம் நகர்ந்தும் சக்கரம் அசையவில்லை என்றால் “ஆட்டம் இருக்கு, டை ராட் எண்டு போயிருச்சு” என்று தீர்ப்பு வந்துவிடும். சக்கரத்தைத் திருப்பும் தண்டின் முனை மூட்டுதான் அது. ஆட்டம் வந்த வண்டியும் திரும்பும். நேராகப் போகத்தான் அதனால் முடியாது. ஸ்டியரிங் கெட்டுப்போவதன் முதல் அறிகுறியே அதுதான்.

சரி, ‘திசைமாற்றி’ என்ற சொல்லாவது காலியாக இருக்கிறதா? இல்லை. மின்மோட்டாரில் தூரிகை உரசும் கம்யூட்டேட்டர் இருக்கிறதே, சுருளில் ஓடும் மின்னோட்டத்தின் திசையை ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் மாற்றிவிடும் உறுப்பு, அதற்குத்தான் திசைமாற்றி என்று நம் இயற்பியல் பாடம் பெயர் வைத்திருக்கிறது. அங்கே அது அச்சாகப் பொருந்துகிறது, ஏனென்றால் அந்த உறுப்புக்கு வேறு வேலையே கிடையாது. ஸ்டியரிங்கில் மின்மோட்டார் வந்துவிட்ட காலம் இது. 1988-இல் சுசுகியின் செர்வோ காரில்தான் மின்மோட்டார் உதவும் ஸ்டியரிங் முதலில் விற்பனைக்கு வந்தது. அப்படி ஒன்றில் தூரிகை வைத்த மோட்டார் இருந்தால், மொழிபெயர்ப்பாளர் அதை எப்படி எழுதுவார்? ‘திசைமாற்றியின் மோட்டாரிலுள்ள திசைமாற்றி’ என்றா? பாலிடெக்னிக் மாணவன் எதை எதுவென்று எடுத்துக்கொள்வான்?

இன்னொரு சான்று. ஸ்டியரிங் கமிட்டி என்பதை எல்லோரும் ‘வழிநடத்தும் குழு’ என்றுதான் எழுதுகிறார்கள். ‘திசைமாற்றும் குழு’ என்று எழுதினால் அந்தக் குழுவே கோபித்துக்கொள்ளும் என்று அவர்களுக்குத் தெரிகிறது. குழுவுக்கு வரும்போது சரியாகப் புரிகிற சொல், காருக்கு வரும்போது ஏன் புரியாமல் போகிறது? பொருளைப் பார்க்காமல், வளையத்தைத் திருப்பும் படத்தை மட்டும் பார்த்துச் சொல் கட்டியதுதான் காரணம்.

இதற்குச் சொல் தேட வேண்டியதே இல்லை. நாகப்பட்டினம், நாகூர், காரைக்கால் கரையில் ‘சுக்கான்’ என்றால் சின்னப் பையனுக்கும் தெரியும். படகின் பின்னால் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் பலகை, அதைப் பிடிப்பவர் கையில் படகின் போக்கு. இதை வண்டிக்குக் கொண்டுவருவது புதுமையும் இல்லை. சிங்களத்தில் கார் ஸ்டியரிங்குக்கு ‘சுக்கானம’ என்கிறார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாகிலியில் ‘உசுக்கானி’. இந்தியப் பெருங்கடலைச் சுற்றிப் பல ஊர்க்காரர்கள் கப்பல் சொல்லைச் சாலைக்கு ஏற்றிக்கொண்டார்கள். ஆங்கிலேயர்கூடச் சுக்கான் பிடிப்பவரைக் குறிக்க இந்தச் சொல்லிலிருந்து ‘சீகன்னி’ என்று ஒன்றை உண்டாக்கிக்கொண்டார்கள். கரையில் சொல்லை வைத்துக்கொண்டிருக்கும் நாம்தான் எடுக்கவில்லை.

சுக்கான் அரபு என்று தனித்தமிழ் அன்பர்கள் உடனே சொல்வார்கள். ஆமாம், அரபுதான். அரபு அகராதிக்காரர்கள் அதை ‘அசையாமல் நிலைத்திருத்தல்’ என்ற வேரோடு சேர்த்துச் சொல்வதும் உண்டு, கலத்தை அலைக்கழியாமல் நிறுத்துவதால். பொருள் எவ்வளவு சரியாக விழுகிறது என்று பாருங்கள். தனித்தமிழ் மேல் எனக்கும் பற்று உண்டு. ஆனால் நம் கடலோர மரக்காயர்களும் மீனவர்களும் தலைமுறை தலைமுறையாகக் கையில் பிடித்துப் பழகிய சொல்லை வெளியே நிறுத்திவிட்டு, பொருள் பொருந்தாத சொல்லை எல்லா எழுத்தும் தமிழ் என்பதற்காக உள்ளே வைப்பது தூய்மை ஆகாது. தூய்மை வேண்டும் என்றால் பழைய சொல்லைத் தேடுங்கள். கலம் செலுத்துபவனுக்கு ‘நீகான்’ என்று அகநானூற்றில் இருக்கிறது. மாடத்தின் விளக்கொளியைப் பார்த்துத் துறை அறிந்து கப்பலைச் செலுத்துகிறவன் அவன். ‘மீகாமன்’ அதன் இனம். இரண்டும் ஆளைக் குறிக்கும் சொற்கள், கருவிக்கு உதவாது. கருவிக்கு மக்கள் வைத்திருப்பது சுக்கான்.

அரியலூர், திருச்சிப் பக்கத்துக்காரர்கள் வேறொரு தடை சொல்லலாம்: சுக்கான்கல் என்றால் சுண்ணாம்புக்கல் ஆயிற்றே? ஆயிற்று. ஆனால் லாரிக்குள் இருக்கும் சுக்கானையும் லாரியில் ஏற்றும் சுக்கான்கல்லையும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். திசைமாற்றிக்குள் திசைமாற்றி வருவது போன்ற சிக்கல் இதில் இல்லை.

அடுத்து ‘ஆற்றல் திசைமாற்றி’. பவர் ஸ்டியரிங்கில் வண்டியைத் திருப்புவது டிரைவரின் கைதான். எண்ணெயின் அழுத்தமோ மோட்டாரோ அந்தக் கைக்கு உதவி செய்கிறது, அவ்வளவே. 1951-இல் கிரைஸ்லர் இம்பீரியல் காரில் எண்ணெய் அழுத்தத்தால் இந்த உதவி விற்பனைக்கு வந்தபோதும் இதே ஏற்பாடுதான். எஞ்சின் நின்றுவிட்டால் உதவி நிற்கும், வளையம் கனக்கும், ஆனாலும் திருப்பலாம். ஆகவே ‘துணைவிசைச் சுக்கான்’ என்றால் பொருள் முழுதாக வரும். ‘ஆற்றல்’ என்பது ஆங்கிலச் சொல்லுக்கு நேராக ஒரு தமிழ்ச் சொல்லை வைப்பதோடு சரி.

மூன்றிலும் மோசமானது ‘கம்பிவழி’. நம் ஊரில் கம்பி என்றால் வீடு கட்டும் முறுக்குக் கம்பி, வேலிக் கம்பி, சைக்கிள் பிரேக் கம்பி. கம்பிவழித் திசைமாற்றி என்று படிப்பவர், வளையத்திலிருந்து சக்கரம் வரை ஒரு கம்பியைக் கட்டி இழுக்கிறார்கள் என்றுதான் நினைப்பார். உண்மை அதற்கு நேர் எதிர். வளையத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருந்த இரும்புத் தண்டையே எடுத்துவிடுவதுதான் இந்தத் தொழில்நுட்பம். கை எவ்வளவு திருப்பியது என்பதை ஓர் உணரி அளக்கிறது, கணிப்பொறி அதை வாங்கி முன்சக்கரத்தருகே உள்ள மோட்டாருக்குச் சொல்கிறது, மோட்டார் சக்கரத்தைத் திருப்புகிறது. சாலையின் மேடுபள்ளம் கைக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக வளையத்தின் பக்கம் இன்னொரு மோட்டார். ஒரு மின்சுற்று செத்துப்போனால் வண்டி கைவிட்டுப் போய்விடும் என்பதால் உணரி, மின்சாரம், கணிப்பொறி எல்லாமே இரட்டையாக வைக்க வேண்டியிருக்கிறது. 2013-இல் வந்த இன்பினிட்டி கியூ50 இந்த முறையைக் கொண்டுவந்தபோது, ஆபத்துக்கு இருக்கட்டும் என்று பழைய தண்டையும் ஒரு கிளட்சோடு விட்டுவைத்தார்கள். பத்து ஆண்டு கழித்து வந்த டெஸ்லா சைபர்டிரக்கில் தண்டே இல்லை. உதிரிபாக நிறுவனங்கள் பணத்தைக் கொட்டுவது இங்கேதான். இதைக் ‘கம்பி’ என்று எழுதினால் முக்கியமான செய்தியே தலைகீழாகிவிடுகிறது. ‘மின்வழிச் சுக்கான்’ போதும். ‘தண்டில்லாச் சுக்கான்’ என்றால் இன்னும் தெளிவு.

அதே செய்திகளில் வரும் ‘ஆண்டுச் செயல்திறன்’ பற்றியும் சொல்லியாக வேண்டும். நிறுவனம் அந்த ஆண்டில் எவ்வளவு விற்றது, எவ்வளவு லாபம் கண்டது என்பதற்கு எப்படிச் செயல்திறன் பொருந்தும்? திறன் என்பது செய்ய முடிகிற வலிமை. விற்பனையும் லாபமும் செய்து முடித்ததன் பலன். திறன் இருந்தும் பலன் வராத ஆண்டு உண்டு. மேட்டூரில் தண்ணீர் இல்லாமல் குறுவை போன ஆண்டுகளில் எங்கள் பக்கத்து விவசாயியின் திறன் எங்கும் போய்விடவில்லை. அவரிடம் போய் யாரும் “இந்த வருஷச் செயல்திறன் எப்படி?” என்று கேட்பதில்லை. “கண்டுமுதல் எவ்வளவு?” என்றுதான் கேட்போம். களத்தில் நெல்லைத் தூற்றி அளந்த பிறகு கையில் நின்றது எதுவோ அது கண்டுமுதல். நிறுவனக் கணக்குக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. ‘ஆண்டுக் கண்டுமுதல்’ என்று தலைப்பு வைத்தால் முதல் நாள் சிலர் புருவத்தை உயர்த்துவார்கள், அப்புறம் பழகிவிடும். அது வேண்டாம் என்றால் ‘ஆண்டு வரவும் லாபமும்’ என்று எழுதுங்கள், அதிலும் தவறில்லை.

மொழிபெயர்ப்பவர்கள் மேல் எனக்கு இருக்கும் வருத்தம் இதுதான். தமிழ்நாடு ஸ்டியரிங் செய்யாத ஊரா? சென்னையில் அந்தத் தொழில் வேரூன்றிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. டெல்டாவை ஒட்டி, திருச்சியிலிருந்து மதுரை போகும் சாலையில் விராலிமலையிலேயே ஸ்டியரிங் ஆலை இருக்கிறது. அங்கே வேலைக்குப் போகிறவர்கள் நம் ஊர்ப் பிள்ளைகள். அவர்களில் ஒருவரிடம் “இதை நீங்க எப்படிச் சொல்வீங்க?” என்று கேட்டுவிட்டு எழுதினால் எவ்வளவு நன்றாக இருக்கும். கேட்பதில்லை. அகராதியிலிருந்து ஒரு சொல், அடுத்தவர் எழுதியதிலிருந்து ஒரு சொல் என்று எடுத்து ஒட்டுகிறார்கள். ஒருவர் செய்த பிழை நூறு பேர் எழுதியதும் ‘ஏற்கப்பட்ட கலைச்சொல்’ ஆகிவிடுகிறது.

திருவாரூர் ஆழித்தேரை நினைத்துப் பாருங்கள். 96 அடி உயரம் என்று சொல்லப்படும் அந்தத் தேருக்கு வளையமும் இல்லை, சுக்கானும் இல்லை. ஓடும் சக்கரத்துக்குக் கீழே முட்டுக்கட்டையைச் சரியான கோணத்தில் கொடுத்து, வீதியின் நடுவிலேயே தேரைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். வீதி முனையில் அதே கட்டையால் திருப்பவும் செய்கிறார்கள். கட்டை போடுகிறவரின் கண் நேரான வீதியில்தான் அதிகம் விழித்திருக்கும். கொஞ்சம் ஒதுங்கினால் தேர் வீட்டுத் திண்ணைக்குப் போய்விடும் அல்லவா? இந்த வேலையைத் ‘திசைமாற்றுதல்’ என்று அவரிடம் சொன்னால் ஏற்க மாட்டார்.

ஆகவே என் பரிந்துரை: ஸ்டியரிங்குக்குச் சுக்கான், வளையத்துக்குச் சுக்கான் வளையம், தண்டுக்குச் சுக்கான் தண்டு, லாரியில் கீழே இருக்கும் பெட்டிக்குச் சுக்கான் பெட்டி. பேச்சில் ஸ்டேரிங் என்றே இருக்கட்டும், அதைத் தடுப்பது என் நோக்கம் அல்ல. எழுத்தில் தமிழ் வேண்டும் என்று நினைப்பவர்களுக்குத்தான் இது. பெல்ட் வைத்த அறுவடை மெஷினுக்கும் சுக்கான் பொருந்தும், ஒரு பக்கப் பெல்ட்டை மெதுவாக்கித் திருப்பினாலும், சேற்றில் வரிசை பிசகாமல் நேராகக் கொண்டுபோவதும் அதே நெம்புகோல்தான்.

பவர் டில்லரின் கைப்பிடிக்குக் கீழே இருக்கும் இரண்டு பிடிகளை மட்டும் விட்டுவிடலாம். இடப்பிடியை அழுத்தினால் இடச்சக்கரத்துக்குப் போகும் விசை அறுந்து, வலச்சக்கரம் தள்ள, வண்டி இடப்பக்கம் திரும்பும். கரையிலிருந்து சரிவில் இறக்கும்போது இதுவே எதிர்ப்பக்கம் திருப்பிவிடும் என்பதால் அங்கே அதைத் தொடவே கூடாது. நேராகப் போவதற்கு அந்தப் பிடிகளில் வேலை இல்லை, அதை ஓட்டுகிறவரின் தோளும் கையும் பார்த்துக்கொள்கின்றன. அவற்றைத் ‘திருப்புபிடி’ என்றே சொல்லலாம்.