பின்மண்டையில் அடித்தால் தூக்கம் வராது

பின்மண்டையில் ஓர் அடி. நாயகன் சுருண்டு விழுகிறான். அடுத்த அத்தியாயத்தில் கண் விழிக்கும்போது கைகால் கட்டப்பட்டிருக்கிறது, வெளியே விடிந்திருக்கிறது. கட்டை அவிழ்த்துக்கொண்டு நாலு பேரைப் புரட்டி எடுக்கிறான். செம்மைப்படுத்த என்னிடம் வரும் நாவல் பிரதிகளில் இந்தக் காட்சியை எத்தனை முறைதான் சுழித்துக் கேள்விக்குறி போடுவது? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குறிப்பு எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்த மண்டை. தலையில் அடிபட்டு நினைவு தப்பினால் பெரும்பாலும் சில நொடிகள், மிஞ்சினால் சில நிமிடங்கள். அரை மணி நேரத்தைத் தாண்டினால் அதை லேசான மூளைக்காயம் என்று மருத்துவர்கள் கணக்கு வைப்பதே இல்லை. ராத்திரி முழுக்க நினைவில்லாமல் கிடந்தவன் விடிந்ததும் சண்டை போட மாட்டான். உயிரோடு இருந்தால் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பான். சில நொடிகளில் விழித்துவிட்டவனும் பழைய ஆளாக எழுந்திருப்பதில்லை. தலைவலி, குமட்டல், வெளிச்சம் பட்டால் கண்கூச்சம். "இங்கே எப்படி வந்தேன்?" என்று கேட்பான். பதில் சொன்ன இரண்டாவது நிமிடம் அதையே மறுபடி கேட்பான். அடி விழுவதற்குச் சற்று முன் நடந்தது அழிந்துபோயிருக்கக்கூடும். அடித்தவனின் முகத்தை நேருக்கு நேர் பார்த்திருந்தாலும் அவனுக்கு ஞாபகம் இல்லாமல் போகலாம். துப்பறியும் கதை எழுதுகிறவருக்கு இது எவ்வளவு பெரிய புதையல்! ஆனால் எனக்கு வரும் நாயகர்கள் எல்லாம் விழித்த கையோடு வில்லனின் மச்சம் வரை ஒப்பிக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. மண்டையோட்டுக்கும் மூளையின் மேலுறைக்கும் நடுவே ரத்தம் கசிந்து தேங்கும் எபிடியூரல் ரத்தக்கட்டு. இதில் ஆள் விழித்து, பேசி, "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு, சில மணி நேரம் கழித்துச் சரிவது உண்டு. சண்டையில் ஜெயித்தவன் அன்றிரவே பேசிக்கொண்டிருக்கும்போது சொல் குழறி விழுந்தால் உங்கள் கதை எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். கதையை விட்டுவிட்டு ஒரு வார்த்தை: நிஜத்தில் யாருக்காவது தலையில் அடிபட்டு நினைவு தப்பினால், எழுந்து பேசுகிறாரே என்று வீட்டில் படுக்கவைக்காதீர்கள். மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள், தயவுசெய்து.

காவலாளியின் கழுத்தை இறுக்கித் 'தூங்க வைப்பதும்' இதே ஜாதிதான். கழுத்தின் இரு பக்க ரத்தக்குழாய்களையும் அழுத்தினால் பத்து நொடி வாக்கில் நினைவு போகும்; உடனே விட்டால் பொதுவாக அரை நிமிடத்துக்குள் திரும்பிவிடும். விடாமல் பிடித்தால் செத்துப்போவான். ஒரு மணி நேரம் அசையாமல் கிடக்க வைக்கும் நடுவழி கிடையாது. குளோரோஃபார்ம் கைக்குட்டைக்கும் நிமிடக்கணக்கு ஆகும், நொடிக்கணக்கு இல்லை.

மருத்துவப் பாடம் எடுப்பது என் வேலை இல்லை. விலை இல்லாத அடியைப் படித்து வாசகர் பயப்பட மாட்டார், அவ்வளவுதான் என் வழக்கு. முதல் அடி யாருக்கும் வலிக்கவில்லை என்று தெரிந்துவிட்டால் அடுத்த நாற்பது அடியையும் அவர் கட்டைவிரலால் தள்ளிவிட்டு வசனம் எங்கே தொடங்குகிறது என்று தேடுவார். அடிகளைக் கூட்டினால் விறுவிறுப்பு கூடும் என்று நினைக்கிறீர்கள். மூன்றே அடி போதும். மூன்றும் எதையாவது பறிக்க வேண்டும்.

அடித்தவனிடமிருந்தும் பறிக்கலாம். மண்டையோட்டை வெறும் முஷ்டியால் குத்தினால் சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளங்கை எலும்பு முறிவது சர்வசாதாரணம். அதற்கு 'பாக்ஸர்ஸ் ஃபிராக்சர்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தக் கையால் அப்புறம் பூட்டைத் திறப்பதுகூடப் பெரும்பாடு. பல்லில் பட்டு விரல்கணு கிழிந்தால் ஓரிரு நாளில் வீங்கிச் சீழ் கட்டலாம். கத்திக்கும் இதே நியாயம்தான். சமையலறைக் கத்தியில் கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே தடுப்பு கிடையாது. ரத்தம் பட்டு வழுக்கினால் குத்துகிறவன் கை அலகின் மேல் ஓடித் தன் விரலையே அறுத்துக்கொள்ளும். தடுத்தவனுக்கு வெட்டு விழுவது முன்கையிலும் உள்ளங்கையிலும். "நல்லவேளை, தோளில்தான் குண்டு பட்டது" என்ற வரியை நிரந்தரமாகத் தடைசெய்தால் நிம்மதியாகத் தூங்குவேன்: காறை எலும்புக்குக் கீழே பெரிய தமனியும், கை முழுவதையும் ஆளும் நரம்புப் பின்னலும் ஓடுகின்றன.

வளர்ந்த ஆளுக்கு ரத்தம் ஏறக்குறைய 5 லிட்டர். முக்கால் லிட்டர் போனாலும் பெரும்பாலோர் நின்று பேசுவார்கள். ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் அழுத்தம் இறங்கி, குளிர்ந்து வியர்த்து, பேச்சு தடம் மாறும். இரண்டைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. 'ரத்த வெள்ளத்தில்' நிற்பவர் ஒன்றரைப் பக்க வசனம் பேசுகிறார் என்றால் அது யாருடைய ரத்தம் என்று ஓரத்தில் கேட்டு அனுப்புவேன்.

மூச்சைப் பற்றிச் சுருக்கமாக. முழு வேகத்தில் உடம்பு தாக்குப்பிடிப்பது பத்து நொடி சொச்சம். ஆண்கள் தொழில்முறைக் குத்துச்சண்டையில் ஒரு சுற்று 3 நிமிடம், பிறகு 1 நிமிடம் ஓய்வு. அதற்கே வருடக்கணக்கான பயிற்சி வேண்டும். பயிற்சி இல்லாத குமாஸ்தாவைக் கால் மணி நேரம் சண்டை போட விடாதீர்கள். அரை நிமிடத்தில் வாயைத் திறந்து இரைப்பான், கை கீழே இறங்கிவிடும். பார்வை குறுகும், சத்தம் மங்கும், விரல் நடுங்கும், வலி பிறகுதான் வரும். முதுகுக்குப் பின்னால் மூன்றாவது ஆள் என்ன செய்கிறான் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் கண் வழியே கதை சொல்கிறீர்கள் என்றால் உங்களுக்கும் தெரியக்கூடாது.

இனி மொழி. தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. அடி விழ வேண்டிய இடமும் அதுதான். அதைக் கெடுப்பது வினையெச்சங்களின் சங்கிலி. 'குனிந்து, திரும்பி, எழுந்து, கையை ஓங்கி, அவன் முகத்தில் அடித்தான்': ஐந்து செயலுக்கும் ஒரே எடை, எதுவும் உறைக்கவில்லை. இப்படி உடைத்துப் பாருங்கள்: 'குனிந்தான். கட்டை தலைக்கு மேலே போயிற்று. திரும்பி அடித்தான், பட்டது பல்லில்.' வாங்குகிறவன் பக்கம் நின்று சொல்லும்போது 'அடித்தான்' வேண்டாம், 'அடி விழுந்தது' போதும். எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியாதே.

'அவன் அவனைத் தள்ள, அவன் அவன் காலை இடற' என்று எழுதுகிறவர்களுக்கு: எனக்கும் தலை சுற்றுகிறது. எதிராளிக்கு ஒரு பிடிமானம் கொடுங்கள். தாடிக்காரன், நொண்டுகிறவன், ஈரச்சட்டை, எதுவானாலும் சரி. 'மடார்', 'சடார்' காட்சிக்கு ஒன்று போதும். 'பளார்' அறைக்கு மட்டும் சொந்தம், குத்துக்கு இல்லை. மின்னலையும் புலியையும் விட்டுவிடுங்கள், பாவம்.

எழுதும் முன் தாளில் அறையை வரையுங்கள். கதவு எங்கே, விளக்கு எங்கே, தரை ஈரமா, யார் கையில் என்ன இருக்கிறது. (இடது கையில் கைப்பேசி, வலது கையில் கத்தி, மூன்றாவது கையால் கழுத்தைப் பிடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.) சந்தேகம் வந்தால் ஒரு நண்பரை நிறுத்தி மெதுவாக நடித்துப் பாருங்கள், கத்திக்குப் பதில் சுருட்டிய செய்தித்தாளோடு. இருவருக்கும் ஜெயிப்பதைத் தவிர வேறு ஏதாவது வேண்டியிருக்கட்டும்: சாவி, வாசல், இன்னும் இரண்டு நிமிட அவகாசம்.

காட்சி முடிந்ததும் யாருக்கு எங்கே காயம் என்று ஒரு பட்டியல் போட்டு, கடைசி அத்தியாயம் வரை பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். விலா எலும்பு முறிந்தால் ஆற ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை இருமினாலும் சிரித்தாலும் குத்தும். பிரதியை எனக்கு அனுப்பும்போது அந்தப் பட்டியலையும் கூடவே அனுப்பிவிடுங்கள்.