முதல் நோட்டீஸுக்கு என்ன பதில் எழுதினீர்கள்?

உரிமம் இடைநீக்கமான பிறகு வழக்கறிஞரான என்னிடம் வரும் மருத்துவர்களும் செவிலியர்களும் உத்தரவைத்தான் முதலில் நீட்டுவார்கள். நான் அதை ஓரமாக வைத்துவிட்டு, உரிமம் வழங்கும் கவுன்சில் புகார் பற்றி அனுப்பிய முதல் நோட்டீஸுக்கு அவர்கள் எழுதிய பதிலைக் கேட்பேன். பெரும்பாலும் அது ஒரு பக்கம்தான் இருக்கும், கோபத்தில் இரவோடு இரவாக எழுதியது. சிலர் பதிலே போட்டிருக்க மாட்டார்கள்.

ஒரு செவிலியர் பணி அட்டவணையின் நகலோடு வந்தார். சம்பவம் நடந்த இரவு, வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு நோயாளிகளை அவர் தனியாகப் பார்த்திருக்கிறார். கவுன்சிலின் விசாரணைக் குழுவிடம் இதைக் கொடுத்தீர்களா என்று கேட்டேன். "இல்லை சார், கோர்ட்டுல காட்டிக்கலாம்னு வச்சிருந்தேன்" என்றார்.

இந்த நம்பிக்கையால் நல்ல வழக்குகள் வீணாவதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். நீதிமன்றம் எல்லாவற்றையும் முதலிலிருந்து விசாரிக்கும் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. குழுவின் முன் இருந்த ஆவணங்களையும் சாட்சியங்களையும் வைத்துத்தான் நீதிபதி பார்ப்பார். புதிய ஆதாரம் தர வேண்டுமானால், அதை ஏன் அப்போதே தர முடியவில்லை என்பதற்கு வலுவான காரணம் சொல்ல வேண்டும். மேசை டிராயரில் இருந்த காகிதத்துக்கு என்ன காரணம் சொல்வது?

நீதிமன்றம் கூர்ந்து பார்ப்பது வேறு. குற்றச்சாட்டு தெளிவாகச் சொல்லப்பட்டதா, பதில் சொல்ல நியாயமான வாய்ப்பு கிடைத்ததா, தீர்ப்பளித்தவர்கள் நடுநிலையானவர்களா, முடிவுக்குக் காரணம் எழுதியிருக்கிறார்களா, தவறுக்கேற்ற தண்டனையா. சிகிச்சை சரியா தவறா என்ற மருத்துவக் கேள்வியில் குழுவின் கருத்துக்கே நீதிபதிகள் பொதுவாக மதிப்புக் கொடுப்பார்கள்.

நடுநிலை பற்றிய இந்தக் கேள்வி இன்று நேற்று வந்ததல்ல. தாமஸ் போன்ஹாம் என்ற மருத்துவர் உரிமமின்றித் தொழில் செய்தார் என்று லண்டன் மருத்துவர் கல்லூரி 1606இல் அவருக்கு அபராதம் விதித்து, பிறகு சிறையிலும் வைத்தது. அபராதத்தில் பாதி கல்லூரிக்கே போகும். தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக இருக்க முடியாது என்று 1610இல் நீதிபதி எட்வர்ட் கோக் சொன்னதை இன்றும் வாதங்களில் எடுத்துக்காட்டுகிறோம்.

கனடாவின் சஸ்காச்சுவானில், தன் தாத்தாவுக்குக் கிடைத்த கடைசிக்காலக் கவனிப்பைக் குறைகூறி ஒரு செவிலியர் ஃபேஸ்புக்கில் எழுதினார். அபராதமும் விசாரணைச் செலவுமாக 26,000 டாலர் கட்டச் சொன்னது அங்கே கவுன்சில் போலச் செயல்படும் செவிலியர் சங்கம். முதல் நீதிமன்றம் கைவிரித்தது. 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. அவர் எந்த நிலையில், என்ன நோக்கத்தில் எழுதினார் என்பதைக் குழு சரியாக எடைபோடவில்லை என்பது முக்கியக் காரணம்.

சரி, கவுன்சில் பக்கமும் மேல்முறையீட்டுக்குப் போகலாம் என்பது பலருக்குத் தெரியாது. பிரிட்டனில் ஒரு குழந்தை இறந்த வழக்கில், மருத்துவரை ஓராண்டு இடைநீக்கம் செய்தால் போதும் என்றது தீர்ப்பாயம். மருத்துவ கவுன்சிலே அதை எதிர்த்துப் போய், 2018 ஜனவரியில் அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கும் உத்தரவை வாங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பாயத்தின் முடிவையே திரும்பக் கொண்டுவந்தது.

காலக்கெடுவில் அலட்சியம் வேண்டாம். பிரிட்டன் மருத்துவர்களுக்கு 28 நாள்தான். உங்கள் ஊர்ச் சட்டத்தில் எத்தனை நாள் என்று உத்தரவு கைக்கு வந்த அன்றே பாருங்கள். மனு போட்டாலே இடைநீக்கம் நின்றுவிடும் என்றும் எண்ண வேண்டாம். பல இடங்களில் தடையாணை தனியாகக் கேட்க வேண்டும். அது கிடைக்கும் முன் வேலைக்குப் போனால் இன்னொரு குற்றச்சாட்டு சேரும். அப்புறம், நோட்டீஸ் வந்தபின் கேஸ் ஷீட்டில் ஒரு எழுத்தைக்கூடத் திருத்தாதீர்கள். சிகிச்சையில் தவறே இல்லாதவர்கள்கூட இந்தத் திருத்தத்தால் உரிமத்தை இழக்க நேரிடும்.

அந்தச் செவிலியரின் அட்டவணையை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் குழுவின் உத்தரவில் காரணங்களே எழுதப்படவில்லை என்பதால் வழக்கை மறுவிசாரணைக்குத் திருப்பி அனுப்பியது. இந்த முறை விசாரணையின் முதல் நாளே அட்டவணையைத் தாக்கல் செய்தோம், அதைப் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு.