மரபணு அறிக்கை சிவப்பில் வந்தால் என்ன, பச்சையில் வந்தால் என்ன?

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்திலிருந்தும் செந்தூலிலிருந்தும் எடைக் குறைப்பு சிகிச்சைக்கு என்னிடம் வருபவர்கள், இப்போதெல்லாம் இரத்தப் பரிசோதனை முடிவோடு இன்னொரு தாளையும் நீட்டுகிறார்கள். எச்சிலைச் சிறு குழாயில் அடைத்துத் தனியார் நிறுவனத்துக்கு அனுப்பி வாங்கிய மரபணு அறிக்கை அது. "உடல் பருமன் அபாயம்: அதிகம்" என்று சிவப்பில் அச்சாகியிருக்கும். "பார்த்தீர்களா டாக்டர், எங்கள் குடும்பத்து வாகே இதுதான். இனி வாயைக் கட்டி என்ன பயன்?" என்று கேட்பார்கள். இவர்களைவிட எனக்கு அதிகக் கவலை தருபவர்கள் பச்சையில் அறிக்கை வாங்கியவர்கள். இடுப்புச் சுற்றளவு 98 சென்டிமீட்டரில் இருக்கும். அறிக்கை நன்றாக இருக்கிறதே என்று இரவு பதினொரு மணிக்கும் மமாக் உணவகத்தில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் தொடரும்.

அந்தச் சிவப்புக்கும் பச்சைக்கும் அடிப்படையான மதிப்பெண் எப்படி வருகிறது என்று தெரிந்தால் இரண்டு தரப்பினருமே தாளை வேறு விதமாகப் படிப்பார்கள்.

2007இல் எஃப்டிஓ என்ற மரபணுப் பகுதிக்கும் எடைக்கும் உள்ள தொடர்பு உறுதியானது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதன் அபாய வடிவத்தைப் பெற்றவர்கள், அது இல்லாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதலாக இருந்தார்கள். அதுவே அதிகத் தாக்கம் கொண்டவற்றுள் ஒன்று. மற்றவை பெரும்பாலும் சில நூறு கிராம்தான். ஆகவே கணினி, லட்சக்கணக்கானோரின் மரபணுவில் உள்ள ஒவ்வோர் எழுத்து வேறுபாட்டையும் அவர்களுடைய எடையோடு ஒப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு மதிப்பைக் கணிக்கிறது. பிறகு உங்களிடம் இருப்பவற்றை மட்டும் கூட்டுகிறது. அந்தக் கூட்டுத்தொகைதான் மதிப்பெண். மளிகைக் கடைச் சீட்டைக் கூட்டுவது போன்ற வேலை. ஆனால் சீட்டில் உள்ள விலை எந்த ஊர் விலை என்பதில்தான் சிக்கல்.

2019இல் வெளியான ஓர் ஆய்வு 21 லட்சம் வேறுபாடுகளை இப்படிக் கூட்டியது. மதிப்பெண்ணில் மேல் பத்து விழுக்காட்டினருக்கும் கீழ்ப் பத்து விழுக்காட்டினருக்கும் நடுவயதில் சராசரியாக 13 கிலோ வித்தியாசம். பிறந்தபோதோ அந்த வித்தியாசம் வெறும் 60 கிராம். வளரும் ஆண்டுகளில்தான் இடைவெளி விரிகிறது. இந்த மரபணுக்களில் பல வேலை செய்யும் இடம் மூளை. பசியையும் போதும் என்ற நிறைவையும் அவை கூட்டிக் குறைக்கின்றன. பக்கத்தில் இருப்பவர் பாதி நாசி லெமாக்கோடு எழுந்துவிடுவதும், இன்னொருவருக்கு முழுப் பொட்டலம் முடிந்தும் பசிப்பதும் மனவலிமை பற்றிய தீர்ப்பு அல்ல. உறவுக்காரர் கல்யாணத்தில் "சோம்பேறி" என்று கேட்டுக் கூனிக் குறுகிய பெண்களிடம் இதை நான் அழுத்தமாகச் சொல்கிறேன்.

இனி விலைப்பட்டியல் விஷயம். 2025இல் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவைக் கொண்டு உருவான மதிப்பெண், ஐரோப்பிய வம்சாவளியினரிடையே உடல் நிறைக் குறியீட்டில் (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் எண்) காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ 17.6 விழுக்காட்டை விளக்கியது. அதே மதிப்பெண் உகாண்டாவின் கிராமப்புற மக்களிடம் விளக்கியது 2.2 விழுக்காடு. எந்த மக்களிடம் அதிகம் கற்றதோ, அவர்களிடம்தான் கணினி நன்றாகக் கணிக்கிறது. தெற்காசியர்களின் தரவு இந்தக் களஞ்சியங்களில் சிறு பங்குதான். ஆகவே மலேசியத் தமிழருக்கு வரும் சிவப்பையும் பச்சையையும் அரைகுறைச் செய்தியாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட மலேசியர்களைத் திரட்டிய 'மலேசியன் கோஹார்ட்' ஆய்வில் இந்தியர்களும் இருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரும் ஆறுதல். இத்தகைய ஆய்வுக்கு அழைப்பு வந்தால் தயவுசெய்து மறுக்காதீர்கள்.

வாயைக் கட்டி என்ன பயன் என்ற கேள்விக்கும் அதே 2025 ஆய்வில் பதில் இருந்தது. மரபணுச் சாய்வு அதிகம் உள்ளவர்கள், உணவையும் உடற்பயிற்சியையும் சீராக்கிய முதல் ஆண்டில் மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகவே எடை குறைந்தார்கள். முயற்சி நின்றதும் எடை திரும்புவதும் அவர்களிடம்தான் அதிகம். எனவே அவர்களுக்கு மூன்று மாதத் திட்டம் போதாது. நீண்ட காலத் துணை வேண்டும். தேவைப்பட்டால் மருந்தும் வேண்டும்.

மலேசியாவில் அதிக எடையோ உடல் பருமனோ உள்ள பெரியவர்கள் 2011இல் 44.5 விழுக்காடு, 2023இல் 54.4 விழுக்காடு. பன்னிரண்டு ஆண்டில் யாருடைய மரபணுவும் மாறிவிடவில்லை. இனிப்புநீரும் நம் சமூகத்தில்தான் மற்றவர்களைவிட அதிகம். அதனால் வருபவர்களிடம் முதலில் அளவு நாடாவைத்தான் எடுக்கிறேன்: இடுப்புச் சுற்றளவுக்கு எல்லை ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. ஆசியர்களுக்கு உடல் நிறைக் குறியீடு 23இலேயே எச்சரிக்கை தொடங்குகிறது, 25இல் அல்ல.

மரபணுச் சோதனையை நானே வலியுறுத்தும் இடம் ஒன்று உண்டு. ஐந்து வயதுக்குள் வேகமாகப் பருக்கும் குழந்தை, எவ்வளவு கொடுத்தாலும் அடங்காத பசி, உணவைத் தேடி அழுவது, நெருங்கிய உறவில் நடந்த பெற்றோரின் திருமணம்: இவை சேர்ந்தால் பசியைக் கட்டுப்படுத்தும் லெப்டின், எம்சி4ஆர் போன்ற ஒற்றை மரபணுவிலேயே கோளாறு இருக்கலாம். இங்கே கூட்டல் மதிப்பெண்ணுக்கு வேலையில்லை. அந்த மரபணுக்களையே நேராகப் படித்துப் பார்க்க வேண்டும். இவற்றில் சிலவற்றுக்கு இன்று தனி மருந்தும் இருக்கிறது. அப்படிப்பட்ட குழந்தையைத் திட்டாமல், அரசாங்கச் சுகாதார மருந்தகத்துக்கு அழைத்துச் சென்று, மரபியல் நிபுணரைப் பார்க்கக் கடிதம் கேளுங்கள்.