பாறை மேல் துணி ஷட்டரிங்: துணியை விரிக்கும் முன் பாறையைப் பாருங்கள்

மேடும் பள்ளமுமான பாறையில் ஃபூட்டிங் (கட்டடத்தின் கான்கிரீட் அடித்தளம்) போடுகிறவர்களுக்கு முதல் தலைவலி ஷட்டரிங் பலகைதான், அதாவது கான்கிரீட் இறுகும் வரை அதைத் தாங்கும் அச்சுப் பலகை. பலகை நேராக இருக்கும், பாறை இருக்காது. பலகையின் அடியைப் பாறையின் வளைவுக்கு ஏற்ப அறுத்து, மிச்சச் சந்தில் சாக்கும் சிமெண்ட் பையும் திணிப்பார்கள். அப்படியும் வைப்ரேட்டர் (கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் கருவி) போட்டதும் சிமெண்ட் பால் ஒழுகிவிடும். பால் போன இடத்தில் வெறும் ஜல்லி தேன்கூடு போல ஓட்டை ஓட்டையாக நிற்கும். அந்தத் தேன்கூடு அடி ஓரத்தில் வருவதால் மண்ணைத் தள்ளி மூடிவிடுவார்கள், யார் கண்ணிலும் படாது.

இதற்குத் துணி ஷட்டரிங் நல்ல வழி. நெய்த பாலித்தீன் அல்லது பாலிபுரொப்பிலீன் துணியை மட்டமான இரண்டு கட்டைகளுக்கு நடுவே தொட்டில் போலத் தொங்கவிட்டு, உள்ளே கான்கிரீட் ஊற்றுகிறோம். கான்கிரீட்டின் எடையே துணியைக் குழிகளில் அழுத்திச் சந்துகளை அடைத்துவிடும். இது நேற்று வந்த யோசனை இல்லை. ஸ்பெயினின் கட்டடக் கலைஞர் மிகேல் ஃபிசாக் 1970-களிலேயே சுவர்களுக்கு நெகிழும் அச்சைப் பயன்படுத்தினார். கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகத்தில் மார்க் வெஸ்ட் துணி அச்சைப் பல வருடம் ஆராய்ந்தார்.

சரி, துணி வந்துவிட்டது, பாறையைச் சுத்தம் செய்ய வேண்டாம் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்குப் பயம் அங்கேதான். துணி அடைப்பது சந்துகளை மட்டும். ஃபூட்டிங்கைப் பாறையில் பிடித்து வைப்பது அதன் வேலை இல்லை. சொல்லப்போனால் நேர்மாறு: அடியில் முழுத் துணி கிடந்தால் கான்கிரீட் பாறையைத் தொடவே தொடாது, ஒட்டவும் ஒட்டாது. சமமான தரையில் இதனால் ஒரு லாபம் உண்டு, ஈரம் தடுக்கும் துணியாக இருந்தால் மேலே ஏறும் ஈரம் நிற்கும். சாய்ந்த பாறையிலோ அதே துணி வழுக்கும் படலம் ஆகிவிடும்.

அதனால் சரிவு இருந்தால் முதலில் படிப்படியாக வெட்டி மட்டமாக்குங்கள். வெட்ட முடியாத இடத்தில் துளையிட்டு டவல் கம்பி (பாறையையும் ஃபூட்டிங்கையும் பிணைக்கும் கம்பி) நட வேண்டும். எத்தனை, எவ்வளவு ஆழம் என்பதை வடிவமைத்த பொறியாளர் சொல்லட்டும். ஆனால் துளைக்குள் இருக்கும் தூளைக் காற்றடித்து முழுக்க வெளியேற்றுங்கள். கம்பியை ஒட்டவைக்கும் எப்பாக்சி பசையைத் தூளோடு ஊற்றினால் கம்பி தூளில்தான் ஒட்டும், கையால் இழுத்தாலே வரலாம். என் வழக்கம், சரிவில் அடியைத் திறந்து விடுவது. துணியைப் பக்கங்களில் மட்டும் தொங்கவிட்டு, கீழ் ஓரத்தை ஒரு சாண் அளவுக்கு உள்பக்கம் மடிப்பேன். மடிப்பின் மேல் கான்கிரீட் உட்கார்ந்து ஒழுக்கை அடைத்துவிடும், நடுவில் பாறை வெறுமையாகக் கிடைக்கும்.

அதற்கும் முன்னால், அது நிஜமாகவே தாய்ப்பாறையா, மண்ணில் புதைந்த உருண்டைக் கல்லா என்று பாருங்கள். சுத்தியலால் தட்டினால் கணீர் என்கிறதா, மந்தமாக ஒலிக்கிறதா என்பது ஒரு குறிப்புதான். ஓரம் தோண்டிப் பார்ப்பது உறுதி. பாதி பாறையிலும் பாதி மண்ணிலும் ஒரே ஃபூட்டிங் உட்கார்ந்தால் மண் பக்கம் மட்டும் இறங்கும், மேலே சுவர் வெடிக்கும். நடுவில் மண் பொந்து இருந்தால் தோண்டி எடுத்துவிட்டு பி.சி.சி. (கம்பி இல்லாத வெறும் கான்கிரீட்) நிரப்புங்கள்.

துணியை ஒருபோதும் விறைப்பாகக் கட்டாதீர்கள். பலகை பழகிய கைகளுக்கு இழுத்துக் கட்டத்தான் தோன்றும். விறைப்பாக இருந்தால் குழியின் மேல் பாலம் போல நின்றுவிடும், அடியில் வெற்றிடம் தங்கும், கூரான முனையில் கிழியும். குழிக்குள் இறங்கத் தாராளமாகத் துணி விடுங்கள். முனைகளைத் தட்டி மழுக்குங்கள், முடியாவிட்டால் அங்கே ஒரு துண்டுத் துணியை அடியில் போடுங்கள். பாறையில் முளை அடிக்க முடியாது. துளையிட்டு நட்ட கம்பியில் கட்டையைக் கட்டி, டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாய்) வைத்து மட்டம் பார்க்க வேண்டும்.

உயரம் ஏற ஏற ஜாக்கிரதை. கான்கிரீட் கன மீட்டருக்குச் சுமார் 2,400 கிலோ. 30 செ.மீ. உயரத்துக்கு, ஒரு மீட்டர் நீளப் பக்கத்தின் மேல் மொத்தத் தள்ளல் ஏறக்குறைய 108 கிலோ. 60 செ.மீ. என்றால் இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு, 432 கிலோ. இது ஒரேயடியாக ஊற்றும் ஈரமான கான்கிரீட்டின் கணக்கு. அடுக்கடுக்காக ஊற்றி, எதிரெதிர்க் கட்டைகளைக் குறுக்கே பிணைத்தால் சமாளிக்கலாம். பக்கம் கொஞ்சம் புடைக்கத்தான் செய்யும், அதில் தவறில்லை, கான்கிரீட்டைக் கூடுதலாகக் கணக்கிட்டுக் கொள்ளுங்கள். வைப்ரேட்டர் ஊசி துணியில் படக்கூடாது. கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக் என்ற சின்னக் கட்டிகளைத் துணி நகர்த்திவிடும் என்பதால் கம்பிக் கூட்டை மேலே கட்டையிலிருந்து தொங்கவிடுவது நல்லது.

ஊற்றி முடித்து, கான்கிரீட் இறுகியதும் மண் நிரப்பும் முன் ஒரு டார்ச் எடுத்து அடி ஓரம் முழுக்கச் சுற்றிப் பாருங்கள். துணிக்கும் பாறைக்கும் நடுவே இருட்டாக ஒரு பொந்து தெரிந்தால், அன்றைக்கே கிரவுட் (சிமெண்ட் கூழ்) அடித்து நிரப்பிவிடுங்கள். மண் போட்ட பிறகு அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.